பொம்மை விளையாட ஆப்பிரிக்கா வரை போகணுமா?

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வுபெற்ற டீச்சருக்கு நேரம் நிறைய, பீரியடு முடிந்ததென்று மணி அடிக்கவும் ஆள் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. என்னிடம் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் படித்த பெண், இப்போது இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்ட மருத்துவமனையில், அந்த ஊர் நர்சுகள் எட்டுப் பேர் சுற்றி நிற்க, மேசைமேல் ஒரு குழந்தைப் பொம்மையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். வருஷத்துக்குக் கிடைக்கும் லீவில் பத்து நாளை ஒதுக்கி, டிக்கெட்டைக் கைக்காசில் எடுத்து, இரண்டாவது வருஷமாகப் போய்வந்திருக்கிறாள். அவள் போட்ட படம் இல்லை அது; அவள் அம்மா பெருமையில் போட்டுவிட்டார்.

அதற்குக் கீழே எனக்குத் தம்பி முறையாகும் ஒருவர் எழுதினார்: "பொம்மை விளையாட ஆப்பிரிக்கா வரைக்கும் போகணுமா? பொறந்த ஊருக்கு ஒரு ஊசி போட வந்ததில்ல." அதற்குப் பதினான்கு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அந்தப் பெண் அதன்பிறகு குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவள் அம்மாவும்தான்.

தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பொம்மை விஷயம்.

அந்தப் பொம்மைக்குள் தண்ணீர் நிரப்புவார்கள். நிரப்பினால் அப்போதுதான் பிறந்த குழந்தையின் எடை வந்துவிடும். தூக்கினால் தலை தொங்கும், கழுத்தைத் தாங்கித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஒரு சின்னப் பந்தை அமுக்கினால் நெஞ்சு ஏறி இறங்கும். இன்னொன்றை அமுக்கினால் தொப்புள்கொடியில் நாடி துடிக்கும். அமுக்காமல் விட்டால் குழந்தை மூச்சில்லாமல் கிடக்கும். எதிரே நிற்கும் நர்ஸ் என்ன செய்யப்போகிறாள் என்பதுதான் பரீட்சை. இதைச் செய்கிற நார்வே கம்பெனி லேர்டால், ஆரம்பத்தில் நிஜமாகவே விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்த கம்பெனிதான். 1960-இல் உயிர்காக்கும் முதலுதவியைப் பழகுவதற்கான பெரிய மனிதப் பொம்மையைச் செய்தார்கள். உலகம் முழுக்க முதலுதவி வகுப்புகளில் படுத்துக்கிடப்பது அதன் வம்சம்தான். ஆக, தம்பி சொன்ன "பொம்மை விளையாட்டு" ஒரு வகையில் சரி. எத்தனை உயிர் அந்த விளையாட்டில் பிழைத்தது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

பிறக்கும் குழந்தைகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்று, தானாக நன்றாக மூச்சுவிட ஆரம்பிக்க ஏதாவது உதவி தேவைப்படும் குழந்தை. பெரும்பாலானவற்றுக்குப் பெரிய வைத்தியம் எதுவும் வேண்டாம். காய்ந்த துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும், சூடு ஆறாமல் போர்த்த வேண்டும், முதுகைத் தேய்த்துவிட வேண்டும். வாயிலும் மூக்கிலும் அடைப்பு இருந்தால் எடுக்க வேண்டும். அப்படியும் அழவில்லை என்றால் முகத்துக்கு அளவான மாஸ்க் வைத்துப் பையை அமுக்கிக் காற்றைக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் பிறந்த முதல் ஒரு நிமிஷத்துக்குள். அதற்குப் 'பொன்னான நிமிடம்' என்றே பெயர். வென்டிலேட்டர் வேண்டாம், ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம். ஒரு துணி, ஒரு மாஸ்க், ஒரு பை, பதறாத இரண்டு கைகள் போதும்.

மாஸ்க்கும் பையும் பல ஆஸ்பத்திரிகளில் அலமாரியில் இருக்கும். பதறாத கைகள்தான் கிடைப்பதில்லை. மாஸ்க்கை எந்தக் கோணத்தில் வைத்தால் காற்று ஓரத்தில் கசியாது, தலையை எவ்வளவு சாய்த்தால் மூச்சுக்குழல் திறக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்தால் வராது. சைக்கிள் மாதிரிதான். விழுந்து எழுந்து பழக வேண்டும். நிஜக் குழந்தையிடம் விழுந்து பழக முடியாது. அதற்குத்தான் பொம்மை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகமும் வேறு பல அமைப்புகளும் சேர்ந்து, 'குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம்' என்ற பொருளில் 2010-இல் இதை ஒரு பாடத்திட்டமாகவே கொண்டுவந்தார்கள். எழுத்து குறைவு, படம் அதிகம். இரண்டு பேருக்கு ஒரு பொம்மை. டான்சானியாவில் எட்டு மருத்துவமனைகளில் இந்தப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறந்துபோகும் குழந்தைகளின் விகிதம் 47 சதவீதம் குறைந்தது. ஏறத்தாழ பாதி. நம் நாட்டிலும் 2009-இல் இருந்தே அரசு 'நவஜாத் சிசு சுரக்ஷா' என்ற பெயரில் இதேபோன்ற பயிற்சியை பிரசவம் பார்ப்பவர்களுக்குக் கொடுத்துவருகிறது. நம் பக்கத்து நர்சுகளில் பலர் அந்தப் பயிற்சி எடுத்தவர்கள்தான். இந்தப் பதிவைப் படிக்கும் அம்மாக்களில் சிலர் பிள்ளை பிழைத்தது அதனால்தான் என்பது தெரியாமலே இருக்கலாம்.

சரி, நம் ஊரில் ஆயிரம் குறை இருக்க, அடுத்த நாட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பானேன் என்றால், தமிழர்களாகிய நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் யாழ்ப்பாணத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1847-இல் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்கினார். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஊர்க்காரர். அப்போது வயது ஏறக்குறைய 25. லீவு போட்டு வந்த தொண்டர் இல்லை அவர். அமெரிக்க மிஷன் அனுப்பிய மருத்துவ ஊழியர். மதம் பரப்புவதும் அவர் வந்த நோக்கத்தில் ஒன்று, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான் அவரைப் பற்றிச் சொல்வது வேறு காரணத்துக்காக. வந்த மறுவருஷமே, 1848-இல், பக்கத்தில் சில பையன்களை வைத்துக்கொண்டு வைத்தியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மானிப்பாயில் அவர் நடத்திய ஆஸ்பத்திரியோடு ஒட்டி வளர்ந்த அந்த வகுப்பைத்தான் இலங்கையின் முதல் மருத்துவப் பள்ளி என்கிறார்கள். கொழும்பு மருத்துவப் பள்ளி வந்தது 1870-இல். அதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முந்தியது இது.

யோசித்துப் பாருங்கள். ஒரு தீபகற்பம் முழுக்க நோயாளிகள். காலரா வந்தால் ஊர் ஊராக வாரிக்கொண்டு போகும் காலம். ஒரு டாக்டர் காலை முதல் இரவு வரை ஓடினாலும் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? கிறீன் ஓடவும் செய்தார், சொல்லியும் கொடுத்தார். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60-க்கும் மேல். அந்தக் கணக்கில்தான் எனக்குப் பிரியம். டாக்டர் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்த்தால் நூறுதான். டாக்டர் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் கணக்கு எங்கே நிற்கும் என்று நம்மால் சொல்ல முடியாது. முப்பத்து மூன்று வருஷம் சாக்பீஸ் பிடித்த எனக்கு இந்தப் பக்கச்சார்பு இருப்பதில் வெட்கம் இல்லை.

ஆனால் கிறீன் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னும் வரவில்லை. முதலில் அவர் இங்கிலீஷில்தான் நடத்தினார். படித்து முடித்தவர்கள் என்ன செய்தார்கள்? இங்கிலீஷ் தெரியும், வைத்தியம் தெரியும், அரசாங்க உத்தியோகம் கூப்பிட்டது, சம்பளம் கூப்பிட்டது. கிராமத்தை விட்டுப் போனார்கள். அவரவர் குடும்பத்துக்கு அது நியாயம்தான். நம் பிள்ளைகள் லண்டனுக்கும் துபாய்க்கும் போனதும் அப்படித்தானே? ஆனால் கிராமத்து நோயாளி எங்கே இருந்தாரோ அங்கேயே இருந்தார். கிறீன் உடல்நலம் கெட்டு இடையில் அமெரிக்கா போய், 1862-இல் மறுபடி வந்தார். வந்ததும் ஒரு முடிவு எடுத்தார். இனி வைத்தியத்தைத் தமிழில்தான் சொல்லிக்கொடுப்பது. தமிழில் படித்தவன் தமிழ் ஊரில் இருப்பான், தன் ஜனங்களோடு இருப்பான் என்பது அவர் கணக்கு. 1864 முதல் தமிழ் வகுப்பு. மாணவர்கள் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு துரையாகிவிடக் கூடாது, ஊர் வழக்கப்படியே உடுத்த வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார்.

தமிழில் நடத்துவது என்றால் புத்தகம் வேண்டுமே. அவரே தமிழ் படித்தார். மாணவர்களையும் தமிழறிந்தவர்களையும் கூட வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க ஆரம்பித்தார். பிரசவ வைத்தியம் 1857-இலேயே வந்துவிட்டது. அப்புறம் இரண வைத்தியம், அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று ஒன்றன்பின் ஒன்று. எல்லாம் சேர்த்து 4,000 பக்கத்துக்கு மேல். கெமிஸ்தம் என்ற பெயரைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன்; கெமிஸ்ட்ரிக்குத் தமிழ்ச்சட்டை. வேதியியல் என்ற அழகான சொல் நமக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. வடமொழி கலந்த நடைதான், இன்றைக்குப் படித்தால் பல் கொஞ்சம் கூசும். ஆனாலும் அந்தக் காலத்தில் உடம்பின் ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் பெயர் தேடி உட்கார்ந்த ஒரு வெள்ளைக்காரரையும் அவருடைய யாழ்ப்பாணத்து மாணவர்களையும் நினைத்தால், ஒரு தமிழ்வழி அறிவியல் டீச்சராக எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இன்றைக்கும் "மருத்துவத்தைத் தமிழில் நடத்த முடியுமா?" என்று டிவியில் விவாதம் வைக்கிறார்கள். நடத்திப் பட்டதாரி ஆக்கினார்களா என்பது வேறு. நடத்தி வைத்தியர் ஆக்கியிருக்கிறார்கள்.

1873-இல் ஊர் திரும்பினார். போனபிறகும் விடவில்லை. வூஸ்டரில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தக வேலையைத் தொடர்ந்தார். உடலியங்கியல் பற்றிய 'மனுஷ சுகரணம்' வெளிவந்தது 1883-இல். மறுவருஷம் இறந்துபோனார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னார்; அப்படியே பொறித்திருக்கிறார்கள், அமெரிக்காவில். மானிப்பாயில் அவர் பெயரிலான ஆஸ்பத்திரி இருக்கிறது.

அந்தக் காலத்து வூஸ்டரில் மட்டும் நோயாளிகள் இல்லாமலா இருந்தார்கள்? அங்கேயும் யாராவது ஒரு மாமா, "நம்ம ஊர்ல இல்லாத நோயாளியா, யாழ்ப்பாணம் போறான் பாரு" என்று சொல்லியிருப்பார். நல்லவேளை வாட்ஸ்அப் இல்லை.

இதைச் சொன்னதும் வெளிநாடு போய்ச் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் கிறீன் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இதில் போலிகள் உண்டு. போலி என்பதைவிட, நல்ல மனசோடு செய்யும் வீண்வேலை என்று சொல்லலாம். விமானத்தில் வந்து இறங்கி, இரண்டு நாள் புரொஜெக்டரில் படம் காட்டி, சான்றிதழ் கொடுத்து, குழுப்படம் எடுத்து, மூன்றாம் நாள் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவது. கேட்டவர்கள் கைதட்டுவார்கள். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் "புரிந்ததா?" என்றால் ஐம்பது தலையும் ஆடும் என்பது எந்த வாத்தியாருக்கும் முதல் மாசத்திலேயே தெரிந்துவிடும். காலாண்டுப் பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் எத்தனை தலை நிஜமாக ஆடியது என்று தெரியும்.

இதற்கும் டான்சானியாவில் இருந்தே ஓர் ஆதாரம் இருக்கிறது. ஹேடோம் என்ற கிராமப்புற ஆஸ்பத்திரியில் பொம்மைப் பயிற்சியை ஒரே நாளில் நடத்தினார்கள். சில மாதம் கழித்துச் சோதித்தபோது பொம்மை முன்னால் எல்லோரும் பிரமாதமாகச் செய்தார்கள். ஆனால் பிரசவ அறைக்குள் போய்ப் பார்த்தால் நிஜக் குழந்தையிடம் செய்வதில் மாற்றம் இல்லை! பரீட்சையில் நூற்றுக்கு நூறு, வாழ்க்கையில் பூஜ்யம். நம் பள்ளிக்கூடங்களுக்குப் புதிதில்லாத விஷயம். அவர்கள் அத்தோடு விடவில்லை. பொம்மையைப் பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். வேலைக்கு வரும் நர்ஸ் வாராவாரம் சில நிமிஷம் அதில் பழக வேண்டும். மாதம் ஒருமுறை கொஞ்சம் நீண்ட பயிற்சி. அவ்வளவுதான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் நிகழும் இறப்பு ஆயிரத்துக்கு 11 என்ற அளவில் இருந்து 7-க்கு இறங்கியது. பாடம் அதேதான், பொம்மையும் அதேதான். அன்றாடம் கைபடும் இடத்தில் வைத்ததுதான் வித்தியாசம். சிலேட்டில் 'அ' எழுதிப் பழகியது மாதிரி.

நம் பெண்ணிடம் இதைக் கேட்டேன். "டீச்சர், முதல் வருஷம் நான் கரண்டை நம்பிப் போனேன், கரண்ட் போச்சு, ஸ்லைடெல்லாம் வீணாச்சு. ரெண்டாவது வருஷம் ஒரு ஸ்லைடும் எடுத்துட்டுப் போகல. பொம்மையை அங்கேயே விட்டுட்டு வந்தேன். போன வருஷம் கத்துக்கிட்ட ரெண்டு பேரு, இந்த வருஷம் மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. நான் ஓரமா நின்னு பார்த்தேன்" என்றாள். ஓரமாக நின்று பார்த்தேன் என்றாளே, அந்த வார்த்தைக்குத்தான் இவ்வளவு பெரிய பதிவு. நல்ல வாத்தியார் தான் இல்லாமலே வகுப்பு நடக்கும்படி செய்துவிட்டுப் போகிறவர்.

இதே வழியில் நடக்கும் இன்னொரு பயிற்சியும் உண்டு. விபத்தில் அடிபட்டு வருபவரை முதலில் எப்படிக் கையாள்வது என்பதற்கான 'பிரைமரி ட்ராமா கேர்'. 1997-இல் ஃபிஜித் தீவில் தொடங்கியது. வெளியில் இருந்து வரும் டாக்டர்கள் முதல் இரண்டு நாள் நடத்துவார்கள். மூன்றாம் நாள், கற்றவர்களில் சிலரை வாத்தியார்களாகப் பழக்குவார்கள். அடுத்த இரண்டு நாள் உள்ளூர்க்காரர்களே வேறு ஆட்களுக்கு நடத்த, வந்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து நாளில் கைமாற்றம் முடிந்தது.

விபத்துச் சிகிச்சைக்கு இப்படி ஒரு வரிசைமுறை வந்ததே ஒரு சோளக்காட்டில்தான். 1976-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு முறிவு டாக்டர் தன் சின்ன விமானத்தைக் குடும்பத்தோடு ஓட்டி வந்தபோது அது மக்காச்சோளக் காட்டில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளுக்கும் அடி. தானும் அடிபட்ட நிலையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்து, கிடைத்த வண்டியில் ஏறி, பக்கத்துச் சிற்றூர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே இருந்தவர்களுக்கு முதலில் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. அந்த வேதனையில் பிறந்ததுதான், முதலில் மூச்சுவழி, அடுத்து மூச்சு, அடுத்து ரத்த ஓட்டம் என்று டாக்டர்களைப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சி. 1978-இல் முதல் வகுப்பு நடந்தது, இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிறது. மக்காச்சோளம் என்றால் பெரம்பலூர் என்று பெயர் வாங்கிய நமக்கு, அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

கற்றுக்கொடுப்பது எப்போதும் வெள்ளைக்காரர், கற்றுக்கொள்வது எப்போதும் நாம் என்றும் இல்லை. குறைமாதக் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல்படக் கட்டிவைக்கும் கங்காரு முறை, இன்குபேட்டர் போதாத கொலம்பியா நாட்டு பொகோட்டா ஆஸ்பத்திரியில் 1978-இல் பிறந்தது. பணக்கார நாடுகள் பின்னால் அதைக் கற்றுக்கொண்டன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் பழகிக்கொண்டு போக வெளிநாட்டு டாக்டர்கள் வருகிறார்கள். நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃபுளோரிடா போய் மலைப்பாம்பு பிடித்துக்காட்டினார்களே, மறந்துவிட்டீர்களா? 2023-இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். பாம்புக்கடிக்கு நாம் போட்டுக்கொள்ளும் ஊசியே அந்தச் சமூகத்தார் எடுத்துக்கொடுக்கும் விஷத்தை வைத்துத்தான் தயாராகிறது. கைத்திறன் எந்தப் பாஸ்போர்ட்டில் வேண்டுமானாலும் பயணம் போகும்.

இப்போது தம்பி கேட்ட கேள்வியின் நியாயமான பாதி. நம் ஊருக்கு என்ன?

குன்னம் தாலுகாவில் இருந்து நர்சாக, டாக்டராக, லேப் டெக்னீஷியனாக வெளியே போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டு கையும் போதவில்லை. லப்பைக்குடிக்காட்டில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு இல்லை. பொங்கலுக்கு வரும்போது சிலர் சேர்ந்து இலவச மருத்துவ முகாம் போடுகிறீர்கள். ஷாமியானா, மைக், பிரஷர் பார்ப்பது, சுகர் பார்ப்பது, பத்து நாள் மாத்திரை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். பத்து நாள் மாத்திரை பதினோராம் நாள் தீர்ந்துவிடும். பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க 2021 ஆகஸ்டில் இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. அரசாங்கம் செய்வதையே ஒரு நாள் திரும்பச் செய்வதற்கு லண்டன் டிக்கெட் தேவையில்லை. உங்களிடம் மட்டுமே இருக்கிற ஒன்றைக் கொடுங்கள். உங்கள் கைகள் தினம் தினம் செய்து பழகிய வேலை அது.

நம்மைச் சுற்றி என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மேற்கே சென்னை–திருச்சி நாற்கர சாலை. கிழக்கே அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகள். சில வருஷம் முன்பு அரியலூர் ரோட்டில் ஒரு பையன் பைக்கில் இருந்து விழுந்துகிடந்தான். நான் பஸ்ஸில் இருந்து இறங்கிக் கிட்டே போவதற்குள் இரண்டு பேர் அவனைத் தூக்கி உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து வாயில் சோடா ஊற்றிவிட்டார்கள். கெட்டவர்கள் இல்லை. சோடா வாங்கக் கடைக்கு ஓடியவர்கள். கழுத்தை அசைக்கக் கூடாது, நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தப் பையன் பிழைக்கவில்லை. சோடாவால்தான் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அது தெரியாது. ஆனால் அங்கே கூடிநின்ற முப்பது பேரில் ஒருவருக்காவது என்ன செய்வதென்று தெரிந்திருந்தால் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

2008-இல் இருந்து 108 ஓடுகிறது. 2021 டிசம்பரில் இருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. எல்லாம் சரி. விழுந்த இடத்துக்கும் ஆம்புலன்ஸ் வந்து நிற்பதற்கும் நடுவே இருக்கிற நிமிஷங்கள்தான் பாக்கி. அதில் அங்கே நிற்பது டீக்கடைக்காரரும் ஷேர் ஆட்டோக்காரரும் மக்காச்சோளம் ஏற்றிப்போகும் டிரைவரும்தான். பாம்பு கடித்தால் பக்கத்தில் இருப்பது களையெடுக்கும் பெண்கள். கடித்த இடத்தைக் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, நடக்கவிடாதே, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோ என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஆகவே இந்தப் பொங்கலுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஷாமியானாவுக்கு ஆகும் காசில் இரண்டு பொம்மை வாங்குங்கள், ஒன்று பெரியது, ஒன்று குழந்தை. பெரியதில் டிரைவர்கள், கடைக்காரர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் பழகட்டும். நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் அமுக்குவது எவ்வளவு மூச்சு வாங்கும் வேலை என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். ரத்தம் பீறிடும் இடத்தை அழுத்திப் பிடிப்பது, மயங்கியவரைப் பக்கவாட்டில் கிடத்துவது, தொண்டையில் சிக்கினால் முதுகில் தட்டுவது எல்லாம் ஒரு அரைநாளில் கைக்கு வரும். குழந்தைப் பொம்மை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சுகளுக்கு. அதற்கு நீங்களாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். மாவட்டச் சுகாதார அதிகாரியிடம் முறையாக அனுமதி வாங்கி, அங்கே இருக்கிற டாக்டரை முன்னால் நிறுத்தி, அவர்களுக்கு எது வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததையே போய்ச் சொன்னால் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு மனசுக்குள் சிரிப்பார்கள். அவர்களிடம் இருந்து நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கும். நடத்துவது முழுக்கத் தமிழில். 'ஏர்வே' என்று நாலுமுறை சொல்லாமல் மூச்சுவழி என்று ஒருமுறை சொன்னால் எல்லோருக்கும் போய்ச்சேரும்.

நீங்கள் விமானம் ஏறிய பிறகு மாதம் ஒருமுறை அரைமணி நேரம் மறுபயிற்சி. இதுதான் முக்கியம், இதற்குத்தான் யாரும் முன்வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். கற்றவர்களில் இரண்டு பேர் நடத்தட்டும், நீங்கள் வீடியோ காலில் பாருங்கள். பொம்மை என் வீட்டுத் திண்ணை அறையில் இருக்கும். வருகைப் பதிவேடும் என்னிடம் இருக்கும். வராதவர்கள் வீட்டுக்கு நான் எப்படி நடந்து வருவேன் என்பது பழைய மாணவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டேன். ஜனவரியில் ஒன்பது நாள் வருகிறாள், இரண்டு நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கூடச் சேருகிற நர்சுகள், டாக்டர்கள் இங்கே கீழே பெயர் எழுதுங்கள். குடும்பக் குழுவில் எழுத வேண்டாம், அங்கே குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் தொலைந்துபோகும்.

தம்பி, உன்னிடம் நாலு லாரி ஓடுகிறது. சுண்ணாம்புக்கல் லோடு இல்லாத நாள் எது என்று பார்த்துச் சொல். நாலு டிரைவர், நாலு கிளீனர், எட்டுப் பேரையும் முதல் நாள் காலை ஒன்பதரைக்கு அனுப்பு. நீயும் வா; முழங்கால் போட்டு உட்கார முடியாது என்பாய், உனக்குப் பொம்மையை மேசைமேல் வைத்துத் தரச் சொல்கிறேன்.